அம்மாக்கண்ணுவின் இறக்கை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுவோம். றோலண்ட் மாஸ்டர் எழுத உட்கார்ந்தது ஒரு கடிதம். இங்கிலாந்தில் பழைய போர் விமானங்களைத் தேடியெடுத்துத் துடைத்து வைக்கிற ஒரு சங்கத்துக்கு, ஆங்கிலத்தில், ஒரே ஒரு பக்கம். அதை எழுதித் தரச் சொல்லி வந்த காளியாயி ஹட்டனில் அவர் வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். தோட்டத்துக்குப் போகிற நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். 1984 ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை. இப்போது மணி இரண்டேகால்.

மாஸ்டர் பேனாவைத் திறந்தார். தமிழ் வந்தது, அதுவும் கதையாக வந்தது. பத்திரிகைகளில் ஏழெட்டுக் கதை எழுதிய மனிதருக்கு இது ஒரு வியாதி. நெஞ்சை உறுத்துகிற காரியம் எதுவானாலும் உடனே அதற்கு ஒரு தலைப்பு வைத்துவிடுவார்.

(இதை எழுதுகிறவரும் மாஸ்டரும் ஒரே ஆளா என்று கேட்காதீர்கள். 'நான்' என்று எழுதினால் கையெழுத்துப் போட்ட மாதிரி. 'மாஸ்டர்' என்று எழுதினால் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுகிற சுகம் கிடைக்கிறது.)

2

மலை முகட்டை மூடுபனி ஒரு வெள்ளைப் போர்வை போல—

வேண்டாம். மலையகக் கதை என்றால் மூடுபனியில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. ஆனால் பனி இல்லாவிட்டால் அந்த விமானம் மலையில் மோதியிருக்காது. ஆகவே பனி இருக்கட்டும், போர்வை வேண்டாம்.

இரண்டாம் உலகப் போரின் உச்சத்தில், வல்லரசுகள் ஒன்றையொன்று—

இதுவும் வேண்டாம். வல்லரசுகள் பாடப் புத்தகத்திலேயே சுகமாக இருக்கட்டும்.

நேராகவே சொல்லலாம். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். சில நாள் கழித்து, வெள்ளைக்காரனின் ஒற்றை ஆள் விமானம் ஒன்று பனியில் வழி தப்பி, ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில் விழுந்தது. (தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.) விமானி செத்தான். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவும் செத்தாள். விமானச் சத்தம் கேட்டால், தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் குப்புறப் படுக்கச் சொல்லியிருந்தார் கங்காணி. எல்லோரும் படுத்தார்கள். அவள் மட்டும், பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு வந்த நாலு வயசு மகளை நினைத்து ஓடினாள். அந்த மகள்தான் வாசலில் உட்கார்ந்திருக்கிற காளியாயி.

விமானியின் உடலை லொறி வந்து கொண்டுபோனது. அம்மாக்கண்ணுவை அங்கேயே புதைத்தார்கள். தலைமாட்டில் ஒரு கல் வைக்க வழியில்லாத புருஷன், விமானத்தின் இறக்கையிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு துண்டை இழுத்து வந்து நட்டான். ஆணியால் அவள் பெயரைக் கீறத் தொடங்கினான். 'அம்மா' வரைக்கும் வந்தது. பிறகு ஆணி மழுங்கியதோ, கை ஓடவில்லையோ, அப்படியே விட்டுவிட்டான்.

3

நாற்பது வருஷம் கழித்து அந்த இங்கிலாந்துச் சங்கத்திலிருந்து பெல்டன் துரை வந்தார். நல்ல மனிதர். இதைச் சொல்லியாக வேண்டும். அவரைக் கெட்டவராக எழுதினால் கதை சுலபமாக முடிந்துவிடும், மாஸ்டரும் நைசாகத் தப்பித்துவிடுவார். விழுந்த விமானத்தின் மிச்சங்களைச் சேர்த்து ஊருக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது, விழுந்த இடத்தில் விமானிக்கு ஒரு நினைவுக்கல் நடுவது, சனங்களின் யுத்தகால ஞாபகங்களை டேப்பில் பிடிப்பது, இவை துரையின் வேலை. அவர் பேச்சைத் தமிழாக்க மாஸ்டரைப் பிடித்தார்கள். மாஸ்டர் அதே தோட்டத்தில் பங்களாச் சமையல்காரரின் மகனாகப் பிறந்து, படித்து, டவுனுக்குத் தப்பி வந்தவர்.

உண்மையில் நாற்பது வருஷமாக அந்த விமானத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது தொழிலாளர் லயத்துச் சனம்தான். அதற்கு ஒரு சங்கம் வைத்து ரப்பர் முத்திரை அடிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். வால் பகுதி வீரய்யாவின் கோழிக்கூட்டுக்குக் கதவாக இருந்தது. நாகலெட்சுமி வீட்டுச் சோற்றுப்பானைக்கு ஒரு வட்ட மூடி கிடைத்திருந்தது. துரை கோழிக்கூட்டுக் கதவை அளந்து, எண் ஒட்டி, கண் கலங்கினார். கோழிகளுக்குப் புதிதாகப் பலகைக் கதவு போட்டுக் கொடுத்தார்கள்.

டேப்பில் வீரய்யா பேசினார்.

"குண்டு கொழும்புலங்க விழுந்திச்சு. இங்க மண்ணெண்ண நின்னுபோச்சு, அரிசி நின்னுபோச்சு. வெளக்கு வெளிச்சம் வெளிய தெரியக்கூடாதுன்னு வாசல்ல சாக்கு தொங்க விட்டோம். ஏரோப்ளேன் சத்தம் கேட்டா கானுல படுன்னாங்க. படுத்தா ஒரே அட்டை. ஜப்பான்காரன் எங்கள ஒண்ணும் பண்ணலீங்க, அட்டைதான் கடிச்சிச்சு."

"இங்க எத்தன குண்டு விழுந்திச்சுன்னு தொரை கேக்குறாரு," என்றார் மாஸ்டர்.

"ஒண்ணும் விழலீங்க. ஏரோப்ளேன்தான் விழுந்திச்சு. அதுவும் தொரைமாரோடதுதான்."

கடைசி வாக்கியத்தை மாஸ்டர் மொழிபெயர்க்கவில்லை. பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

4

பிறகு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினார்கள். இறக்கைத் துண்டில் திருநீறு பூசியிருந்தது. அடியில் கற்பூரக் கரி. பக்கத்தில் காளியாயி நின்றாள். கீறியிருந்த எழுத்தைக் காட்டி இது என்ன என்று துரை கேட்டார். மாஸ்டர் காளியாயியைப் பார்த்தார்.

"அது எங்கம்மாங்க," என்றாள் அவள்.

மாஸ்டர் துரையிடம் சொன்ன ஆங்கிலத்தின் தமிழ் இது: "அம்மன். இந்தச் சனங்கள் விமானத்தை அம்மனாக வைத்துக் கும்பிடுகிறார்கள்."

ஏன் அப்படிச் சொன்னார்? கைவசம் மூன்று வரைவுகள் இருக்கின்றன.

ஒன்று: மலையில் நல்ல காற்று, சரியாகக் காதில் விழவில்லை. [பொய். காளியாயி குரல் கொடுத்தால் மூன்று மலைக்குக் கேட்கும்.]

இரண்டு: மாஸ்டர் கத்தோலிக்கர். அம்மா என்றால் மாரியம்மன் என்று எண்ணிவிட்டார், பாவம். [பெரிய பொய். அம்மாக்கண்ணுவைப் புதைத்த அன்று அந்தக் கூட்டத்தில் நானும்— அடித்தாயிற்று. மாஸ்டரும் நின்றார்.]

மூன்று: வெட்கம். செத்தவளுக்கு ஒரு கல் வைக்க வழியில்லாமல் தகரம் நட்டோம் என்று வெள்ளைக்காரரிடம் சொல்ல மாஸ்டருக்கு நாக்குக் கூசியது. தகரத்தைக் கும்பிடுகிறோம் என்று சொல்லக் கூசவில்லை. இல்லாமையைப் பக்தி என்று சொல்லிவிட்டால் அது பண்பாடு ஆகிவிடுகிறது, படித்தவர்கள் தலையாட்டுகிறார்கள். அதோடு, இதையும் எழுதிவிடுகிறேன்— எழுதிவிடுகிறார்— விமானம் அம்மனான கதை பத்திரிகைக்கு நன்றாக இருக்கும் என்று அந்த நிமிஷமே தோன்றியது.

துரையின் முகம் மலர்ந்தது. எல்லாவற்றையும்விட இதுதான் எனக்கு வேண்டும் என்றார்.

"தொரை என்னங்க சொல்றாரு?" என்று கேட்டாள் காளியாயி.

"கொண்டுபோயி சுத்தம் பண்ணி, பேர முழுசா வெட்டி, திருப்பிக் கொண்டாந்து வைப்பாங்களாம்."

காளியாயி துரையைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நாலு ஆம்பிளைகள் இறக்கையைப் பிடுங்கித் தூக்கியபோது தானும் ஒரு பக்கம் பிடித்து, வழுக்குகிற ஒற்றையடிப் பாதையில் ரோடு வரைக்கும் சுமந்து வந்தாள்.

அன்று பங்களாவில் தேத்தண்ணி குடிக்கும்போது பெல்டன் துரை சொன்னார்: "நல்லவேளை, அது கல்லறையாக இருக்கவில்லை. கல்லறை என்றால் எங்கள் சங்கம் கை வைக்காது. அதுதான் எங்கள் முதல் விதி." மாஸ்டர் கோப்பைக்குள் மூன்றாவது கரண்டிச் சீனியைப் போட்டுக் கலக்கினார்.

5

ஏழாம் நம்பர் மலையில் இப்போது கருங்கல்லில் பித்தளைத் தகடு இருக்கிறது. அதில் ஒரு பெயர், விமானியின் பெயர். பத்தடி தள்ளி, இறக்கையைப் பிடுங்கிய குழி இருக்கிறது. அதில் தேயிலைக் கன்று வைக்க, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு இரண்டு தரம் ஆள் அனுப்பினார். இரண்டு தரமும் காளியாயி விடவில்லை. "அம்மா வந்திரும்" என்றாளாம்.

(போன ஆடி மாசம், தமிழர்களை அடித்த கலவரத்தில் நுவரெலியாக் கடைத்தெரு எரிந்தபோது தோட்டத்துச் சனம் மறுபடியும் கானுக்குள் படுத்துக் கிடந்தது. அந்த ஞாபகத்தை டேப்பில் பிடிக்க எந்தச் சங்கமும் வரவில்லை. வானத்திலிருந்து தகரம் எதுவும் விழவில்லை அல்லவா.)

போன வாரம் தபாலில் பெல்டன் துரை ஒரு படம் அனுப்பியிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இறக்கை. திருநீற்றைக்கூடத் துடைக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கீழே ஆங்கிலத்தில்: 'இலங்கைத் தேயிலைத் தொழிலாளர் தெய்வமாக வணங்கிய இறக்கை.' அந்தப் படம் இந்தத் தாளுக்கு அடியில்தான் இருக்கிறது. மாஸ்டரின் மனைவி டோரீனுக்குத் தெரியும். காளியாயிக்குத் தெரியாது.

"ரெண்டு வருசமாச்சுங்க," என்றாள் இன்று வந்ததும். "எப்பக் கொண்டாருவாங்கன்னு இங்கிலீசுல ஒரு காயிதம் போட்டுக் கேளுங்க மாஸ்டர். எங்கம்மா பேரையும் எழுதுங்க, மாறிக்கீறிப் போயிறப் போவுது."

6

முடிவு அ: கடிதம் போகிறது. இறக்கை முழுப் பெயரோடு திரும்பி வருகிறது. தோட்டமே கூடி மாலை போடுகிறது. [நடுவில் நின்று மாஸ்டர் படம் எடுத்துக்கொள்வார்.]

முடிவு ஆ: பதில் வரவில்லை. குழியருகே காத்திருந்து காத்திருந்து காளியாயி ஒருநாள்— [கூடாது. வாசலில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறவளைக் கொன்று கதைக்குக் கனம் சேர்ப்பது அயோக்கியத்தனம்.]

முடிவு இ: கடிதத்தின் முதல் வரி. 'ஐயா, அது அம்மன் அல்ல, ஒரு தாயின் கல்லறை. உங்களிடம் மாற்றிச் சொன்னது—'

இந்த வாக்கியத்தை முடிக்க ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல்லைத்தான் இந்தக் கதை முதல் பக்கத்திலிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறது.

7

டோரீன் உள்ளே வந்தாள்.

"நாலு மணியாச்சு. அந்தம்மா பஸ்ஸுக்குப் போவணும். ஒரு பக்கம் எழுத இவ்வளவு நேரமா? அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லிருங்க."

அவளுக்குப் பின்னால் காளியாயி வாசற்படியில் நின்றாள்.

"எழுதிட்டீங்களா மாஸ்டர்?"

"முடியப் போகுது."

"எங்கம்மா பேரு வந்திருச்சுங்களா?"

"நெறைய எடத்துல வந்திருக்கு." இது பொய்யில்லை.

"ஒருக்கா காட்டுங்க. இங்கிலீசுல எப்பிடி இருக்குன்னு பாத்துக்கிறேன்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். மாஸ்டர் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் அவள். குனிந்து எழுத்துக் கூட்டினாள். அ, ம், மா. கொஞ்சம் நின்றாள். பிறகு, அவள் அப்பா கீறாமல் விட்டதையும் சேர்த்து முழுசாகப் படித்தாள். அம்மாக்கண்ணு. அவள் முகம் அப்படியே விரிந்தது. விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. அதற்கடுத்த வரிக்கும் போனது. அங்கே நின்றது.

"இது தமிழாச்சுங்களே," என்றாள். "தொரைக்குத் தமிழ் தெரியுங்களா?"

மாஸ்டர் என்று யாரும் இல்லை. நான்தான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் பக்கத்திலேயே நிற்கிறாள், பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. உங்களுக்குத் தமிழ் தெரியும். நீங்களாவது அவளுக்குச் சொல்லுங்கள்.