மூன்றாம் பக்கத்து வரி

மெல்பேர்னில் லதீஸைத் தெரிந்த தமிழர்களுக்கெல்லாம் அவன் யாருடைய மகன் என்பதும் தெரியும். தெரியாதது அவுஸ்திரேலிய அரசாங்கத்துக்கு மட்டும்தான்.

அவனுடைய அப்பா மகேந்திரராசா பிரான்சில் பெரிய நடிகர். பெரிய நடிகர் என்றால் எங்கள் சங்க விழாவில் பொன்னாடை வாங்குகிற சாதி இல்லை, பாரிசில் பஸ்ஸின் முதுகில் முகம் ஒட்டப்பட்ட சாதி. ஒரு காலத்தில் பேக்கரியிலிருந்து பாண் ஏற்றும் வான் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் தெருவில் படப்பிடிப்புக்கு நடுவே வானை நிறுத்திவிட்டு, எடுக்கமாட்டேன் என்று இயக்குநரோடு கையையும் காலையும் ஆட்டிச் சண்டை பிடித்தார். இயக்குநருக்குச் சண்டை பிடித்துப்போயிற்று. பிறகு பன்னிரண்டு வருடமாக ஒரு துப்பறியும் தொடரில் அவர்தான் பொலிஸ் அதிகாரி. சந்தையில் கண்டால் பிரெஞ்சுக் கிழவிகள் அவரைக் கன்னத்தில் கொஞ்சுவார்களாம்.

மகனும் லேசுப்பட்டவன் இல்லை. வாரநாளில் ட்ருகனினாவில் ஒரு சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான். சனிக்கிழமை நாடகம் பழகுவான். மேடையில் ஏறினால் ஆளே வேறு. முப்பத்திரண்டு வயதுக்காரனுக்கு எப்போதும் தகப்பன் வேடம்தான் கொடுப்பார்கள். மூன்று வயதுக்குப் பிறகு தகப்பனைக் காணாதவன் அதை எங்கே படித்தான் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"கொப்பரின்ரை ரத்தமடா," என்பான் சிறி. அவனோடு ஒரே படகில் வந்து, பதின்மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறவன்.

அந்த ரத்தத்தை நிரூபிக்கத்தான் வழியில்லாமல் போயிற்று. லதீஸின் அகதி வழக்கே அப்பாவில்தான் நின்றது. ஊரில் அப்பாவைத் தேடி வந்த ஆமிக்காரர், அவர் இல்லையென்று மகனைக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள், விட்டார்கள், மறுபடி வந்தார்கள். அதனால்தான் படகேறினான். ஆகவே அவன் மகேந்திரராசாவின் மகன்தான் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாக நிற்கும். அம்மா பவளராணி கடைசிச் சண்டையில் செத்துப்போனாள். வீட்டிலிருந்த படமும் கடதாசியும் அவளோடு போயின.

அப்போதுதான் எங்கள் சனம் வழமையாகச் செய்கிற வேலையைச் செய்தார்கள். புதிதாக வந்த பெடியளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற ஆனந்தராஜா அங்கிள், நல்ல மனிதர், வாயில் வெற்றிலையோடு சொன்னார்: "அப்பாவின்ரை பிரெஞ்சு அகதிக் கேஸ் பேப்பர் இருந்தா எடுப்பி. கல்லிலை வெட்டின மாதிரி நிக்கும்." அப்பா மறுக்காமல் அனுப்பினார். பன்னிரண்டு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை. வீட்டில் ஒருவருக்கும் பிரெஞ்சு ஒரு எழுத்துத் தெரியாது. முத்திரைகளைப் பார்த்தே மனம் நிறைந்து, சாமிப்படத்துக்கு முன்னால் ஒருநாள் வைத்தெடுத்து, விண்ணப்பத்தோடு கட்டி அனுப்பினார்கள்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் அரசாங்கத்தில் இருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: மணமாகாதவர், பிள்ளைகள் இல்லை.

தொண்ணூற்றாறில் அப்பாவைப் பிரான்சுக்குக் கொண்டுபோன ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த வரி அது. தனியாள் என்று சொன்னால் கெதியாகக் கிடைக்கும், பிறகு மாற்றலாம் என்றானாம். பிறகு என்பது வரவேயில்லை.

தீர்ப்பில் அதிகாரி எழுதியிருந்தார்: தகப்பன் என்று இவர் சொல்லும் மனிதரே தனக்குப் பிள்ளை இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறார். நேர்காணலில் இவர் அழுதது, பழகிவைத்துச் செய்ததுபோல் இருந்தது. இந்தக் கடைசி வரியை லதீஸ் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. நாடகம் பழகப்போவதை மட்டும் ஆறு மாதம் நிறுத்தினான்.

மேல்முறையீடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. இந்த வருடம் கடைசிக் கடிதம் வந்தது. அடுத்த மாதம் பத்தாம் திகதியோடு விசா முடிகிறது, அதற்குள் நாட்டைவிட்டுப் போகவேண்டும்.

சிட்னியிலிருந்து ராகவி போன் எடுத்தாள். நார்த்மீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அவனுக்காகக் காசு வாங்காமல் வழக்குப் பேசுகிற சட்டத்தரணி. "அண்ணா, ஒண்டே ஒண்டுதான் மிச்சம். உங்கட அப்பா ஒரு சத்தியக்கடதாசி சைன் பண்ணோணும், டிஎன்ஏ டெஸ்டுக்கும் ஓம் எண்டோணும். அது இருந்தா மினிஸ்டருக்கு எழுதலாம். இல்லாட்டி ஐ ஹாவ் நத்திங், அண்ணா. சொறி."

அப்பாவிடம் எத்தனையோ தரம் கேட்டாயிற்று. பிறந்தநாளுக்கு மறக்காமல் போன் எடுக்கிற மனிதர், இந்தக் கதை வந்தால் "நேரிலை கதைப்பம் தம்பி" என்பார். பிரான்சுக்குப் போகமுடியாத மகனிடம், அவுஸ்திரேலியாவுக்கு வராத தகப்பன் சொல்கிற 'நேரில்' அது. கடவுளுக்கே பொறுக்கவில்லையோ என்னவோ, மெல்பேர்னில் நடந்த பிரெஞ்சுப் படவாரத்துக்கு அவரை விருந்தாளியாக அழைத்துவிட்டார்கள்.

சிறி காரை இரவல் தந்தான். லதீஸ் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கடதாசியை நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போனான். ஏழாம் மாடியில் கதவைத் திறந்தவர் போஸ்டரில் இருந்தவரைவிடக் கட்டையாக இருந்தார். ஆனால் நெற்றி, காது, மேலுதட்டின் கோணல் எல்லாம் அவன் தினம் கண்ணாடியில் காண்கிறவை. இருபத்தொன்பது வருடத்துக்குப் பிறகு கட்டிப்பிடித்தார்கள்.

அப்பா பெட்டியைத் திறந்து ஒரு முழுக்கைச் சேர்ட் எடுத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தான். கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது.

"உன்ரை அளவு தெரியேல்லை தம்பி," என்றார்.

"பரவாயில்லை அப்பா. இதைப் பாருங்கோ." கடதாசியை மேசையில் விரித்து, பேனையையும் வைத்தான்.

அவர் கண்ணாடி போட்டு மெல்ல வாசித்தார். கதிரையில் சரிந்து உட்கார்ந்தார்.

"வக்கீலிட்டைக் கேட்டனான். பொய் சொல்லி எடுத்த அகதிக் காட் எண்டால் இப்பவும் பறிக்கலாமாம். அதிலை இருந்துதான் பிரஜாவுரிமை. பிரான்சிலை கலியாணமும் தனியாள் எண்டு எழுதித்தான் கட்டினனான். அப்ப உன்ரை அம்மா உயிரோடை இருந்தவ. உனக்கு ரெண்டு தங்கச்சியள் இருக்கினம் தம்பி. அதுகளுக்கு உன்னைப்பற்றி ஒண்டும் தெரியாது."

"எனக்குப் பத்தாம் திகதியோடை முடியுது அப்பா."

"தெரியும்."

"திருப்பி அனுப்பினா அங்கை யார் நிப்பினம் எண்டும் தெரியும்."

"ஓம் தம்பி."

அவர் பேனையை எடுத்தார். முனையைக் கையெழுத்துக் கோட்டின் மேல் வைத்தார். கோட்டில் ஒரு நீலப் புள்ளி விழுந்து பெருத்தது. அவர் அழத் தொடங்கினார். லதீஸ் அந்த முகத்தையே பார்த்தான். அவன் அழுகையை அறிந்தவன். மேடையில் எத்தனை தரம் அழுதிருக்கிறான். மேடையில் அழுகிறவனுக்கு மூக்கு ஒழுகாது. இவருக்கு ஒழுகி மீசையை நனைத்தது.

"நீ சொல்லு," என்றார் அப்பா. "நீ போடச் சொன்னா நான் போடுறன். சத்தியமாப் போடுறன்."

லதீஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதையும் என்ரை தலையிலையே வைக்கிறியளே அப்பா!"

போடுங்கோ என்று சொல்லத்தான் வந்தான். பதின்மூன்று வருடமாகப் பாடமாக்கிய ஒரே வசனம் அது. வாயைத் திறந்தான். மேசையில் கிடந்த அப்பாவின் போன் வெளிச்சமாகி, திரையில் இரண்டு பெண்பிள்ளைகள் சிரித்தார்கள். சின்னவளுக்கு அதே கோணல் உதடு. திறந்த வாயை மூடினான்.

அது மகள்மார் எடுத்த அழைப்பில்லை. கீழே காத்திருந்த படவாரப் பெண் நேரமாகிறது என்று அனுப்பிய செய்தி. அப்பா முகம் கழுவி, கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார். "படம் முடிய வந்து கதைப்பம்," என்றார். விடிந்தால் விமானம் என்று முதலே சொல்லியிருந்தார். லதீஸ் கடதாசியை மடித்துப் பையில் வைத்தான்.

லிஃப்ட் கீழே திறந்தபோது, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். அவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். இரண்டு கையையும் தட்டினாள்.

"ஓ மை காட், உங்கள் மகனா? அப்படியே உரித்து வைத்திருக்கிறார்!" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பன்னிரண்டு பக்கமும் மூன்று தீர்ப்பும் காணாததை அவள் ஒரு நொடியில் கண்டுவிட்டாள். சுற்றி நின்றவர்களும் திரும்பினார்கள். ஒருவர் போனை உயர்த்திப் படமெடுத்தார். அப்பா லதீஸைப் பார்த்தார். எந்தச் சூழலிலும் வசனம் மறக்காத மனிதர், பன்னிரண்டு வருடம் ஒரு நாட்டையே நம்பவைத்தவர், சொல்லில்லாமல் நின்றார்.

மனம் முழுக்க ஓம் ஓம் என்று கத்த, லதீஸ் நன்றாகச் சிரித்தான். கையைக் கட்டி ஒரு அடி பின்னால் நின்றான்.

"நோ, நோ," என்றான். "ஐ ஆம் ஜஸ்ட் த டிரைவர்."

"ஓ, சொறி!" என்று அவள் கூச்சப்பட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக் கார் நின்ற பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

இந்த நாட்டுக்கு வந்த பதின்மூன்று வருடத்தில் அவன் சொன்ன ஒன்றை ஒருவர் உடனே நம்பியது அதுதான் முதல்தடவை.