கிரேனுக்கு வலிக்காது

கல் காலில் விழுந்தபோதுகூட அவன் கத்தவில்லை. லாரியிலிருந்து தரைக்குப் பதிக்கும் கல் பாளங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஈரக் கையிலிருந்து ஒன்று வழுக்கி, அவனுடைய இடது முழங்காலுக்குக் கீழே இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் முன்னால் உட்கார்ந்திருந்த ஓட்டுநருக்கே கேட்டது. இவனோ தரையில் உட்கார்ந்துகொண்டு, "கல்லு உடைஞ்சிருச்சா பாருங்கடா, மேஸ்திரி என் தோலை உரிச்சிருவாரு" என்றான். கூட்டாளிகள் சிரித்துவிட்டார்கள். கால் போகக் கூடாத பக்கம் வளைந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு அடங்கியது.

சுமைக்காரர்கள் மத்தியில் அவனுக்குக் கிரேன் என்று பெயர். இரண்டு பேர் பிடிக்கும் பாளத்தை ஒற்றை ஆளாகத் தோளுக்கு ஏற்றுவான். அவன் பொண்டாட்டி கட்டட வேலையில் கலவை சுமக்கும் சித்தாள். அவளைக்கூட எல்லாரும் கிரேன் வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரியில் எலும்பை நேராக்கி, தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பு டாக்டர் சின்ன வயசுக்காரர். போகும்போது நின்று சொல்லிவிட்டுத்தான் போனார். "வீங்கும். வலி அதிகமாச்சுன்னா உடனே சிஸ்டர்கிட்ட சொல்லணும். பொறுத்துக்கக் கூடாது, சரியா?"

"சரிங்க டாக்டர்" என்றான் கிரேன். அவன் சொல்லும்போதே, சொல்லப்போவதில்லை என்று பக்கத்தில் நின்ற பொண்டாட்டி தெரிந்துகொண்டாள்.

அவளுக்கும் அது அதிசயமில்லை. அவர்கள் வேலையில் வலிக்கிறது என்று வாய் திறந்தால் மறுநாள் லாரியில் ஆள் எண்ணும்போது அந்தத் தலை எண்ணப்படாது. யாரும் திட்டமாட்டார்கள், போகச் சொல்லமாட்டார்கள். "நீ கொஞ்சம் உக்காருப்பா" என்பார் மேஸ்திரி, அன்பாகத்தான். உட்கார்ந்தவன் எழுந்து வருவதற்குள் அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். அதனால் தோள் பிசகினாலும் இடுப்பு பிடித்தாலும் எவனும் சொல்வதில்லை. சும்மாடு மாற்றிக் கட்டிக்கொண்டு ஒரு கேலி பேசிவிட்டு அடுத்த நடைக்குப் போய்விடுவான். அவளும் அப்படித்தான். மூன்றாவது மாடிக்குக் கலவைச் சட்டி சுமந்த வயிற்றோடுதான் மூத்தவளைப் பெற்றாள்.

மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவள் வந்தபோது அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. போர்வையின் ஒரு மூலை எச்சில் பட்டு, பல் தடம் விழுந்து கசங்கிக் கிடந்தது.

"என்னங்க இது?"

"எலி கடிச்சிருக்கும்."

"விளையாடாதீங்க. வலிக்குதா?"

"ஏய், மெதுவா. ஊருக்கே சொல்லணுமா? ராத்திரி கொஞ்சம் இருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத."

காலைப் பார்க்கலாம் என்று அவள் போர்வையைத் தூக்கப்போனாள். "குளிருது" என்று இழுத்துப் பிடித்துக்கொண்டான். புழுக்கத்தில் மின்விசிறி சுற்றியும் சுற்றாமலும் முனகிக்கொண்டிருந்த அறை அது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரர். படியில் சறுக்கிக் கணுக்கால் முறிந்திருந்தது. அவருக்கு எதுவும் மறைக்கத் தெரியாது. தலையணை நகர்ந்தால் "ஐயோ", கதவு சாத்தினால் "அம்மாடி". சிஸ்டர் ஊசியோடு வருவதைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்வார்.

"என்ன தையல்காரரே," என்றான் கிரேன், "ஆயுசு பூரா ஊசியோட குடும்பம் நடத்திட்டு இப்ப அதைப் பாத்துப் பயப்படுறீங்களே!"

"யோவ், அது நான் குத்துற ஊசி. இது என்னைக் குத்துற ஊசி."

அறை சிரித்தது. பெரிய சிஸ்டரும் சிரித்தாள். ஐம்பதைத் தொடும் வயது, கனத்த உடம்பு, தேய்ந்த செருப்பு. அத்தனை கட்டிலுக்கும் அவளும் ஒரு பயிற்சிப் பெண்ணும்தான். தையல்காரருக்கு ஊசி போட்டு முடித்து, இவன் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "உங்களுக்கு எப்படி இருக்கு தம்பி? வலி?"

"பரவால்ல சிஸ்டர். எனக்குப் போடுறதையும் அவருக்கே போட்டுருங்க, பாவம்."

"இந்த மாதிரி பத்துப் பேரு இருந்தா நான் நிம்மதியா டீ குடிப்பேன்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனாள். அங்கே ஒரு கிழவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

மதியம் பார்வையாளர் நேரத்தில் சுமைக்காரர்கள் மொத்தமாக வந்து இறங்கினார்கள். வேலை உடுப்போடு, தலைமுடியில் கல் தூசியோடு. முன்னால் மேஸ்திரி, பின்னால் ஒல்லி என்று அவர்கள் கூப்பிடும் ஒருவன், அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். கட்டிலைச் சுற்றி வேலி கட்டியதுபோல நின்றார்கள். யாருக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"என்னடா கிரேனு," என்றான் ஒல்லி, "டயர் பஞ்சராமே?"

"பஞ்சர் ஒட்டியாச்சுடா. காத்து அடிச்சா வண்டி ஓடும்."

"நீ இல்லாம இன்னிக்கு இவன் பாளம் தூக்கினான் பாரு," என்று மேஸ்திரி ஒல்லியின் கழுத்தைப் பிடித்து ஆட்டினார், "பாளம் இவனைத் தூக்கிட்டுப் போற மாதிரி இருந்துச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். கிரேனும் சிரித்தான். அவன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அவள் முந்தானையால் துடைத்தாள். துடைத்ததும் மறுபடி பூத்தது.

"எப்படிடா இருக்கு கால்?" என்றார் மேஸ்திரி.

"இப்ப ஒண்ணுமே இல்ல மேஸ்திரி. காலையில வரைக்கும் லேசா இருந்துச்சு. அப்புறம் மரத்துப்போச்சு. பாதம் இருக்கா இல்லையான்னே தெரியல."

"மரத்துடுச்சா? அப்ப கவலைய விடு. என் தோளு அன்னிக்கு மரத்துச்சு பாரு, அதோட வலி ஓடிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு தொந்தரவு கிடையாது."

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். வலிக்கிற இடம் எப்போது மரக்கும் என்று காத்திருந்து, மரத்த பிறகு அந்த உடம்போடு வேலையை முடிப்பவர்கள். மரத்துப்போவதுதான் அவர்கள் கணக்கில் குணமாவது. அவளுக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. காலையிலிருந்து முதல் தடவையாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நேரம் முடிஞ்சுது, கிளம்புங்க, இதென்ன சந்தையா?" என்று பெரிய சிஸ்டர் வந்தாள்.

அவன் பொண்டாட்டி எழுந்து நின்று, நல்ல சேதி சொல்கிற முகத்தோடு சொன்னாள். "சிஸ்டர், இவருக்கு வலியெல்லாம் போயிடுச்சு. கால் மரத்துப்போச்சாம். எப்ப வீட்டுக்கு விடுவீங்க?"

சிஸ்டர் நின்றுவிட்டாள்.

"என்ன சொன்ன?"

"மரத்துப்போச்சு..."

சிஸ்டர் நேரே வந்து போர்வையை உருவி எறிந்தாள். மாவுக்கட்டின் வாயிலிருந்து விரல்கள் பிதுங்கிக்கொண்டு நின்றன. பளபளவென்று, நீலம் பாய்ந்து, ஆளுக்கே சம்பந்தமில்லாதவைபோல. பெருவிரல் நகத்தை அமுக்கி விட்டாள். வெளுத்தது. ரத்தம் திரும்பி வரக் காத்திருந்தாள். வரவில்லை.

"விரலை ஆட்டுங்க."

அவன் பல்லைக் கடித்துப் பார்த்தான். விரல் அசையவில்லை.

"நான் தொடுறது தெரியுதா?"

"லேசா... தெரியல சிஸ்டர்."

சிஸ்டர் பெருவிரலைப் பிடித்து மேல்பக்கமாக வளைத்தாள்; தோல் மரத்திருந்தாலும் உள்ளே கெண்டைச் சதை இழுபட்டது. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்தது.

"வலிக்குதா?"

"இல்ல சிஸ்டர்."

சிஸ்டர் அவனை விட்டுவிட்டு அவளைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா. இந்த ஆளு வலிச்சா சொல்ற ஆளா?"

அவன் அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னான். கட்டிலைச் சுற்றி அத்தனை பேரும் நிற்கிறார்கள். மேஸ்திரி நிற்கிறார். நாளைக்கு ஆள் எண்ணப்போகிற விரல் அவருடையது. இங்கே அவள் சொல்லப்போவது இந்தக் கட்டிலோடு நிற்காது, லாரி வரைக்கும் போகும். அவளுக்கு அது நன்றாகவே தெரியும். நீல விரல்களையும் பார்த்தாள்.

"சொல்லமாட்டாரு சிஸ்டர்," என்றாள். "செத்தாலும் சொல்லமாட்டாரு. வலிச்சா கேலி பேசுவாரு. அதிகமா வலிச்சா அதிகமா பேசுவாரு. காலையில இருந்து பேசிக்கிட்டேதான் இருக்காரு. ராத்திரி பூரா போர்வைய வாயில வச்சுக் கடிச்சிருக்காரு, பல் தடம் இருக்கு பாருங்க. யாருகிட்டயும் சொல்லாதன்னாரு. நானும் சொல்லாம இருந்துட்டேன்."

"ஏன்டி..." என்றான் கிரேன்.

"வாய மூடுங்க" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவனிடம் சொல்லாத சொல்.

பயிற்சிப் பெண்ணிடம் டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு சிஸ்டர் மாவுக்கட்டை வெட்டும் கருவியை எடுத்துவர ஓடினாள். அந்தக் கனத்த உடம்பு ஓடும் என்று அந்த அறையில் யாரும் நினைத்திருக்கவில்லை. தையல்காரர் முதன்முறையாக மூச்சுக் காட்டாமல் படுத்திருந்தார்.

டாக்டர் வந்து, மாவுக்கட்டை மேலிருந்து கீழ்வரை பிளந்து, உள்பஞ்சையும் வெட்டிக் காலை அமுக்கிப் பார்த்தார். கெண்டைச் சதை மரக்கட்டை மாதிரி இருந்தது. அவளைப் பார்த்துச் சுருக்கமாகச் சொன்னார். "உள்ள வீங்கின சதைக்கு இடமில்லம்மா. இறுகி ரத்த ஓட்டம் நிக்குது. நரம்பு சாக ஆரம்பிச்சாதான் மரத்துப்போகும். உடனே தோலையும் சதை மேல இருக்கிற உறையையும் கீறி விடணும். லேட்டானா காலையே எடுக்க வேண்டி வரும்."

தள்ளுகட்டிலில் ஏற்ற சுமைக்காரர்களில் நாலு பேர் கைகொடுத்தார்கள். ஒருவன் எண்ண, ஒரே மூச்சில், தளும்பாமல் தூக்கினார்கள். அந்த அறையில் அவர்களுக்குச் செய்யத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

அறுவை அறைக்கு வெளியே நீள பெஞ்சு. ஒரு முனையில் அவள், மறுமுனையில் மேஸ்திரி. மற்றவர்களை அவர் வேலைக்கு அனுப்பிவிட்டார். பெரிய சிஸ்டர் வந்து கொஞ்ச நேரம் நின்றாள். "வாயைக் கேட்டேனே தவிர விரலைப் பாக்கல," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "பாத்திருக்கணும்." பிறகு அவள் கட்டில்களுக்குத் திரும்பிப் போனாள்.

"வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாம்ல தங்கச்சி," என்றார் மேஸ்திரி. "நான் என்ன, வேணாம்னு தள்ளியா விட்டுருவேன்?"

"விட்டுருவீங்க அண்ணே."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"முதுகு வலின்னு சொன்னாரே, பீடிக்காரரு. அவரை உக்காரச் சொன்னீங்க. சாக்கு எண்ணச் சொன்னீங்க. அப்புறம் கூப்பிடவே இல்ல. அவரு சம்சாரம் என்கூடதான் கலவை தூக்குது. இவரு சொல்லாததுக்கு இவரு மட்டுமா காரணம்?"

மேஸ்திரி உள்ளங்கையில் காய்ப்பேறிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் மேலே ஒருவன் இருக்கிறான், லாரி இத்தனை மணிக்குக் காலியாக வேண்டும் என்று சொல்கிறவன். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எழுந்துபோய் இரண்டு டீ வாங்கிவந்து, ஒன்றை அவள் பக்கத்தில் வைத்தார். அவள் குடித்தாள்.

டாக்டர் வெளியே வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "கால் நிக்கும்" என்றார் முதலில். அவள் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். "புண்ணைத் திறந்தேதான் வச்சிருக்கோம். வீக்கம் வடிஞ்ச பிறகு மூடணும். கொஞ்சம் சதை செத்திருந்துச்சு, எடுத்துட்டோம். நடப்பாரு. பாதம் முழுசா மேல தூக்க வருமான்னு இப்ப சொல்ல முடியாது."

"பாரம் தூக்குவாரா டாக்டர்?"

அவர் பொய் சொல்லவில்லை. "பழைய மாதிரி கஷ்டம்மா."

அவள் தலையாட்டினாள். மேஸ்திரியின் பக்கம் அவள் திரும்பவில்லை. திரும்பாமலே இருந்ததுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "எதுவா இருந்தாலும் நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கவும் மாட்டாள்.

அறைக்குக் கொண்டுவந்தபோது அவன் கண் திறந்திருந்தான். மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. கால் ஒரு மேட்டில் ஏற்றி வைக்கப்பட்டு, துணி சுற்றப்பட்டு, இரண்டு பக்கமும் கசிந்துகொண்டிருந்தது. விரல்கள் வெளியே தெரிந்தன. நீலம் குறைந்திருந்தது. அவள் குனிந்து ஒரு விரலைத் தொட்டாள். சூடு இருந்தது. தொட்டதும் அவன் உடம்பு தூக்கிப்போட்டது.

மேஸ்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வழக்கமாகக் கேட்பதையே கேட்டார்.

"வலிக்குதாடா?"

கிரேன் அவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஏதோ கேலி சொல்ல உதடு கோணியது, வரவில்லை. கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது.

"வலிக்குது மேஸ்திரி. உயிரு போகுது. தாங்க முடியல."

அந்தக் கேள்வியை அவர் ஆயுசில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார். ஒருத்தரும் இப்படிப் பதில் சொன்னதில்லை. அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் தவித்துவிட்டு, லாரி மேலிருந்து கூப்பிடுகிற அதே குரலில், அறை அதிர வாசல் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"சிஸ்டர்! இங்க வாங்க! இவனுக்கு வலிக்குதாம்!"

"வர்றேன், வர்றேன்," என்று பெரிய சிஸ்டர் மருந்துத் தட்டோடு வந்தாள். "அதுக்கு நீங்க ஏங்க இப்படிக் கத்துறீங்க?"