பன்னிரண்டு மணிச் சங்கு

முள்கம்பி வேலி முனகத் தொடங்கியிருந்தது. தெற்கிலிருந்து வந்த காற்று கம்பிகளின் ஊடே நுழைந்து போகும்போதெல்லாம் யாரோ பல் வலியில் அரற்றுவதுபோல ஒரு சத்தம். காலையில் கொடியில் போட்ட துணியை அசைக்கிற அளவுக்குத்தான் காற்று இருந்தது. இப்போது பிக்கப் வண்டியின் கதவைத் திறக்க மார்லா உன்ரூ தோளைக் கொடுக்க வேண்டியிருந்தது. வண்டியின் முகத்தைக் கிழக்கே திருப்பி நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் விட்டிருந்தாள். வானம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் ஓடிப்போகிற வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கப்புறம்தான் வானம்.

இரண்டு மண்சாலைகள் வெட்டிக்கொள்ளும் அந்த முனையிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் முழங்கால் உயரக் கோதுமை. வடகிழக்கே மூன்று மைலில் ரோசன்ஃபீல்ட் ஊரின் தானியக் கோபுரம் வெள்ளையாக நின்றது. சுழல்காற்று வருகிறதா என்று அந்த ஊருக்கு வானம் பார்க்க ஆறு பேர் இருந்தார்கள். ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. மார்லா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். மேற்கு முனையில் நிற்கும் டுவைட் ஷ்ராக் மாடு வளர்க்கிறவன். தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து எல்லாரையும் கட்டி மேய்க்கும் லேலண்ட் யான்ட்ஸ், ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். இடுப்பில் அறுவை செய்துகொண்டு வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடப்பவர். வருடா வருடம் மார்ச்சில் வானிலை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து படம் போட்டுக் காட்டுவார், பாடம் முடிந்ததும் எல்லாரும் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம் சாப்பிடுவார்கள். அதற்குப் பிறகு, காலை அறிக்கையின் கடைசி வரியில் ‘வானம் பார்ப்போர் தயாராக இருக்கவும்’ என்று வருகிற நாட்களில் வண்டிக்குப் பெட்ரோல் நிரப்பிக்கொள்வார்கள்.

இன்றைக்கும் அந்த வரி இருந்தது. ஆனால் மாலை நான்கு மணிக்கு மேல் என்று போட்டிருந்தது. அதை அவளே காலைச் சாப்பாட்டின்போது கேலனுக்குப் படித்துக் காட்டினாள். அவள் புருஷன் கேலன், ஏலம் விடுகிறவன். தூர தேசத்தில் பசித்திருப்பவர்களுக்காகச் சர்ச் நடத்தும் வருடாந்தர விற்பனை இன்றைக்கு. கூட்டுறவுச் சங்கத்தின் தகரக் கொட்டகையில் இருநூறு பேருக்கு மேல் கூடுவார்கள். ஊர்ப் பெண்கள் குளிர்காலம் முழுக்கத் தைத்த ஒட்டுத்துணி விரிப்புகளைக் கேலன் விற்றுக்கொடுக்க வேண்டும்.

“இந்த வருஷமும் சங்கை ஊத வெச்சு என் ஏலத்தைக் கலைச்சிடாத, மார்” என்றான், முட்டையைக் கிளறிக்கொண்டே.

“போன வருஷம் ஊதினது நானா?”

“நீ சொல்லித்தானே ஊதினாங்க. மேகம் சுத்துது, மேகம் சுத்துதுன்ன. ஒரு இலைகூட உதிரல. ஜனங்க நிலவறைக்குப் போனவங்க அப்படியே வீட்டுக்குப் போயிட்டாங்க. கல்யாண விரிப்பெல்லாம் கைதுடைக்கிற துணி விலைக்குப் போச்சு.”

“நாலு மணிக்கு மேலதான்னு போட்டிருக்கு.”

“அப்ப சரி. நாலு மணிக்கு நான் தொண்டை கட்டிப்போய்ப் படுத்திருப்பேன். எது வேணா வரட்டும்.”

போகும்போது விற்பனை நோட்டீஸ் ஒன்றை அவள் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே செருகிவிட்டுப் போனான். ஊரில் எல்லா வண்டிகளிலும் செருகியிருந்தான்.

பத்தரை மணிக்கு வானிலை அலுவலகம் தன் கணக்கை மாற்றிக்கொண்டது. மேலே மூடிபோல உட்கார்ந்திருந்த சூடான காற்று எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் உடைகிறது, மதியத்திலேயே வரலாம் என்றார்கள். லேலண்ட் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முனைகளில் நிறுத்தினார். மார்லாவுக்குத் தென்மேற்கு முனை; ரேடியோவில் அதுதான் அவள் பெயர்.

பன்னிரண்டுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ரேடியோ கரகரத்தது.

“தென்மேற்கு, ஒரு விஷயம். பன்னிரண்டு மணிச் சங்கு. ஊதட்டுமா, நிறுத்தச் சொல்லவா? கவுண்டி ஆபீஸ்ல கேக்குறாங்க.”

சுழல்காற்று வந்தால் எச்சரிக்கும் சங்கு அது; கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்திலிருந்து ஊதுவார்கள். சனிக்கிழமை மதியம் தோறும் அதை ஊதிச் சோதிப்பது ஊர் வழக்கம். அதைக் கேட்டு அடுப்பை அணைப்பவர்களும் உண்டு, அடுப்பை மூட்டுபவர்களும் உண்டு. வானம் கெட்டிருந்தால் மட்டும் ஊத மாட்டார்கள். கெட்டிருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியது மேகம் வருகிற திசையில் நிற்பவர்.

மார்லா பார்த்தாள். தென்மேற்கே மேகம் மலைபோல ஏறியிருந்தது. ஆனால் அடிப்பாகம் உயரத்தில், பலகை சீவினமாதிரி தட்டையாக இருந்தது. தூரமும் இருந்தது. இதற்குப் போய்ச் சங்கை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டுக்குச் சத்தம் வரவில்லை என்றால் கொட்டகையில் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். மீதிப் பேர் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கேலன் மேடையில் தனியாக நிற்பான். மேகத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“ஊதட்டும், லேலண்ட். அடிப்பாகம் இன்னும் மேலதான் இருக்கு.”

“கேலன் பொழைச்சான்” என்று டுவைட்டின் குரல் குறுக்கே வந்தது. “ராத்திரி உனக்கு நல்ல சோறு கிடைக்கும், மார்லா.”

“வாயை மூடிட்டு மேற்கே பாருடா” என்றார் லேலண்ட்.

சரியாகப் பன்னிரண்டுக்குச் சங்கு ஊதியது. எதிர்க்காற்றில் அவள் காதுக்கு அது கொசு ரீங்காரமாகத்தான் வந்தது.

அது அடங்கியதும் வேலியின் முனகல் உயர்ந்தது. காற்று இப்போது கிழக்கிலிருந்து அடித்தது. கோதுமை முழுவதும் ஒரே பக்கமாக, மேகத்தைப் பார்த்துச் சாய்ந்தது. யாரோ கீழிருந்து இழுத்ததுபோல மேகத்தின் அடிப்பாகத்தில் ஒரு துண்டு கழன்று தாழ்ந்தது. மழைப் பக்கத்திலிருந்து கந்தல் கந்தலாகப் பஞ்சு மேகங்கள் அதற்குள் ஏறின. கந்தலைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது, சுற்றுகிறதா என்று நின்று பார்க்க வேண்டும் என்பது மார்ச் மாதத்துப் பாடம். அவள் நின்று பார்த்தாள். போன வருடத்தை நினைத்துக் கொஞ்சம் கூடுதலாகவே நின்று பார்த்தாள். சுற்றியது. திருவிழா ராட்டினம்போல, நிதானமாக, முழுசாகச் சுற்றியது. அதிலிருந்து இறங்கிய கூம்பு பாதி வானத்தோடு நின்றுவிட்டது. ஆனால் அதற்கு நேர் கீழே பெக்கர் பண்ணைக்கு அப்பால் தரையில் செம்மண் புழுதி எழுந்து தானும் சுற்றியது. நடுவில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மேலேயும் கீழேயும் இருப்பது ஒன்றேதான்.

“தென்மேற்கிலிருந்து. சுழல்காற்று தரையில இருக்கு. பெக்கர் பண்ணைக்கு மேற்கே. வடகிழக்கே நகருது, ஊர்ப் பக்கம்.”

“திரும்பச் சொல்லு.”

திரும்பச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அந்தக் கொசு ரீங்காரம் கேட்டது. அதைக் கேட்டதும் மைக்கை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனாள்.

“லேலண்ட், இப்பத்தானே ஊதி முடிச்சாங்க. அதையே திரும்ப ஊதுறாங்கன்னு நினைச்சுக்குவாங்க.”

ரேடியோவில் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் வந்தது.

“ஜன்னல் வழியா பாத்துட்டிருக்கேன்” என்றார் லேலண்ட். “எதிர்வீட்டு எஸ்தர் நாயைக் கூட்டிக்கிட்டு நடக்குறா. ஓடு ஓடுன்னு கை காட்டினேன். சிரிச்சுக்கிட்டு அவளும் கை காட்டுறா.”

“கொட்டகைக்கு யாரையாவது அனுப்புங்க.”

“யாரை? தீயணைப்புப் பசங்க மொத்தமும் அங்கதான் சாசேஜ் சுட்டுக்கிட்டிருக்கானுங்க. போலீஸ்காரர் நெடுஞ்சாலையில நிக்கிறார். நான் இந்த வாக்கரோட கிளம்பினா ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குப் போய்ச் சேருவேன்.”

“அப்ப நான் போறேன்.”

“போகாத” என்றான் டுவைட். இப்போது அவன் குரலில் கேலி இல்லை. “நான் மழைக்குள்ள மாட்டிக்கிட்டேன். மாட்டுக் கொட்டில்கூடத் தெரியல. நீ ஒருத்திதான் அதைப் பாக்குற. நீயும் கிளம்பிட்டா எல்லாரும் குருடு.”

அவன் சொன்னது சரி. ஊருக்குப் போகிற சாலை அதன் முகத்துக்கு நேர் முன்னால்தான் போனது. மார்லா அந்த முனையை விட்டு நகரவில்லை; வண்டிக் கதவைத் திறந்து இருக்கையில் பாதி உட்கார்ந்தாள். கண்ணை அதிலிருந்து எடுக்காமல் இடது கையால் இருக்கையைத் துழாவினாள். பள்ளிக்கூட பஸ்ஸுக்கென்று கொடுத்திருந்த, தோல்பையில் வைத்த கார் தொலைபேசி அங்கே இருந்தது. கேலன் வீட்டுத் தொலைபேசியையே எடுக்க மாட்டான். மேடையில் இருந்தால் கேட்கவே வேண்டாம். கண்ணாடிக்குக் கீழே நோட்டீஸ் படபடத்தது. நேரில் வர முடியாதவர்கள் தொலைபேசியில் ஏலம் கேட்கலாம் என்று கொட்டை எழுத்தில் ஒரு எண்.

உடனே எடுத்தார்கள். மணியகாரத் தோரணையில் ஒரு பெண் குரல். டுவைட்டின் பெரியம்மா ஆர்டித். பின்னால் தகரத்தின் மேல் மழை, அதற்கும் பின்னால் மூச்சுவிடாமல் உருளும் கேலனின் குரல்.

“சர்ச் விற்பனை. எந்த நம்பர் விரிப்பு?”

“ஆர்டித், நான் மார்லா. சங்கு நிஜமாத்தான் ஊதுது. சுழல்காற்று வருது. எல்லாரையும் எதிர்ல சர்ச் நிலவறைக்குப் போகச் சொல்லுங்க.”

“மழைச் சத்தம். எந்த நம்பர்னு கேட்டேன்.”

அவள் கத்தினாள். மறுமுனையில் ஆர்டித் குரலைத் தாழ்த்தினாள்.

“ஏம்மா, போன வருஷம் மாதிரி இல்லையே?”

“ஆர்டித்!”

“சரி, சரி. சொல்றேன்.”

ரிசீவரை மேஜை மேல் வைத்த சத்தம். மார்லா கூம்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கேலனின் குரல் ஒலிபெருக்கியில் நின்றது. “சங்கு ஊதுறவரும் ஏலம் கேக்குறார்போல இருக்கு. லேலண்ட், கையைத் தூக்கிக் காட்டினாத்தான் கணக்குல எடுத்துக்குவோம்!” இருநூறு பேர் சிரித்தார்கள். குரல் மறுபடி உருளத் தொடங்கியது.

ஆர்டித் திரும்பி வந்தாள். “இந்த விரிப்பு முடியட்டும்ங்கிறான். சங்கு சிக்கிக்கிச்சாம்.”

பெக்கரின் களஞ்சியம் சிவப்பாக நின்றுகொண்டிருந்த இடத்தில் இப்போது சிவப்பு இல்லை. மார்லா இரண்டு மூச்சு விட்டாள்.

“ஆர்டித், நான் ஏலம் கேக்குறேன்னு சொல்லுங்க. மைக்கை போன்கிட்ட கொண்டுவரச் சொல்லுங்க. என் வாயாலதான் தொகையைச் சொல்வேன்னு சொல்லுங்க.”

அது வேலை செய்தது. “என் வீட்டுக்காரி ஏலம் கேக்குறாளாம்” என்று கேலன் அறிவித்தான். “வீட்டை வித்துட்டாளான்னு யாராவது போய்ப் பாத்துட்டு வாங்க!” சிரிப்பினூடே மைக் கம்பி தரையில் இழுபடும் சத்தம் நெருங்கியது. “சொல்லு மார். எவ்வளவு?”

கத்த வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் வாயைத் திறந்தபோது ரேடியோவில் பேசுகிற குரல்தான் வந்தது. ஒவ்வொரு சொல்லும் தகரக் கொட்டகையில் மோதி அவள் காதுக்கே திரும்பியது.

“தென்மேற்கு முனையிலிருந்து மார்லா உன்ரூ. சுழல்காற்று தரையில இருக்கு. ஊரை நோக்கி வருது. முதல்ல ஊதினது சோதனை. அதை ஊதச் சொன்னது நான்தான். இப்ப ஊதுறது சோதனை இல்ல. நிலவறைக்குப் போங்க.”

மழை மட்டும் கேட்டது. பிறகு, மைக்கை விட்டு விலகி, வீட்டுச் சமையலறையில் பேசுகிற குரலில் கேலன் கேட்டான்: “எவ்வளவு தூரம்?”

“பெக்கர் களஞ்சியம் போயிடுச்சு, கேலன்.”

அடுத்த நொடி ஒலிபெருக்கியில் அவன் ஏலக் குரல் எழுந்தது. அதே வேகம், அதே தாளம். ஆனால் விலைகள் இல்லை. “கடைசி வரிசை முதல்ல, வடக்குக் கதவு. எழுந்திரு, நட, நட. அடுத்த வரிசை. விரிப்பை விடும்மா, அது யாருக்கும் இல்ல. சக்கர நாற்காலி எங்க, ரெண்டு பேர் தூக்கு. அடுத்த வரிசை, நட, நட…” பெஞ்சுகள் உரசின. ஒரு குழந்தை அழுதது. ஜனங்களின் காலடிச் சத்தம் தகரத்து மழையோடு கலந்து ஒன்றாயிற்று.

“நீயும் போ” என்றாள், அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தே.

“தென்மேற்கு!” என்று ரேடியோ அலறியது. “எங்க இருக்கு? தென்மேற்கு!”

அவள் தொலைபேசியை மடியில் போட்டுவிட்டு ரேடியோ மைக்கை எடுத்தாள். “கோதுமை ஆராய்ச்சிப் பண்ணையைத் தாண்டுது. அகலமாயிடுச்சு. நேரா தானியக் கோபுரத்தைப் பாத்து போகுது.” மடியிலிருந்து கேலனின் குரல் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது: அடுத்த வரிசை, அடுத்த வரிசை. அவள் அதைக் கேட்டபடியே சாலைகளின் பெயரைச் சொன்னாள், திசையைச் சொன்னாள். மழைத்திரை பக்கவாட்டில் வந்து மூடியது. வெள்ளைக் கோபுரம் முதலில் சாம்பலானது, பிறகு இல்லாமலே போனது. தரையை ஒட்டி நீலமும் பச்சையுமாக இரண்டு மூன்று வெட்டு.

“ஊர் ஓரத்துல மின்கம்பி அறுந்து பளிச்சிடுது” என்றாள். “லேலண்ட்?”

லேலண்ட் பதில் சொல்லவில்லை. மடியில் கேலனின் குரலும் இல்லை. கம்பி அறுந்ததா, அவன் மைக்கைப் போட்டுவிட்டுப் போனானா என்று தெரியவில்லை. “நான் கேக்குறேன், மார்லா” என்றான் டுவைட். “நீ நிறுத்தாத. நான் கவுண்டிக்குச் சொல்றேன்.” அவள் நிறுத்தவில்லை. மழை ஊரைக் கடந்து வடக்கே போகும் வரை, கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும், தெரியாததைத் தெரியவில்லை என்று, சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஊர் எல்லையில் மின்கம்பங்கள் சாலையின் குறுக்கே கிடந்தன. அவள் வண்டியை விட்டு இறங்கி, கம்பிகளை விட்டு எட்டவே வயலில் இறங்கி நடந்தாள். ஆலங்கட்டிகள் காலணிக்கடியில் நெறுநெறுத்தன. வெயில் வந்துவிட்டிருந்தது. பறித்துப்போட்ட பச்சை மரத்தின் வாசனையும் எரிவாயு வாசனையும் எங்கும் இருந்தன. கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்ட் தரை ஈரமாக மின்னியது, கழுவிவிட்டதுபோல. அதற்கு எதிரே சர்ச்சின் கூரை பாதி இல்லை.

நிலவறையின் வெளிக்கதவு மேல் விழுந்திருந்த உத்தரத்தை ஆறேழு ஆண்கள் புரட்டித் தள்ளியிருந்தார்கள். படிகளில் ஆட்கள் மேலேறி வந்தார்கள். வெளிச்சத்துக்கு வந்ததும் ஒவ்வொருவரும் நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்த்தார்கள். ஆர்டித் வந்தாள். நாயை மார்போடு அணைத்தபடி எஸ்தர் வந்தாள். சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இருவர் வந்தார்கள். மார்லா வயலின் நடுவில் நின்றுவிட்டாள். ஏறி வரும் ஒவ்வொரு முகத்திலும் கேலனைத் தேடினாள்.

பிறகு யாரும் வரவில்லை. ஆனால் வந்தவர்களும் கலைந்து போகவில்லை. கதவைச் சுற்றி நின்றவர்கள் மெல்ல இரண்டு பக்கமும் விலகி, கீழே பார்த்தபடி, படியில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் யாருக்கோ வழிவிட்டு நின்றார்கள். கீழிருந்து, கட்டிப்போன தொண்டையோடு, “நட, நட” என்றது ஒரு குரல்.