கடைசித் தேதி போன பிறகு

கெனெஸ் என் கணவர் எர்மெக்கின் அண்ணன். அவர் மகன் தாமிருக்கு இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்ததற்காக விருந்து வைத்தார். எங்கள் ஊரான கரகண்டாவில் தெரிந்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அதே பள்ளியிலிருந்து என் மகள் தோக்ஜானுக்குப் பதிலே வரவில்லை. "எனக்கு அவ்வளவு அறிவு பத்தலம்மா" என்று பனிக்காலம் முழுக்க அழுதவள் அவள். தாமிருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

கெனெஸ் விருந்துக்கு வேகவைத்த ஆட்டுத்தலையை அறுத்து, சொன்னபடி கேட்க வேண்டும் என்று சின்னவர்களுக்குத் தரும் காதை அவள் தட்டில் வைத்தார்.

"பெரியவங்க பேச்சக் கேளு தாயி. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

விண்ணப்பங்களை அனுப்பும் ஏஜென்ட் ரௌஷான் எதிரே உட்கார்ந்திருந்தாள். வோட்கா உள்ளே போயிருந்தது. "அடுத்த தடவ உன்னுதத்தான் முதல்ல அனுப்புவேன் கண்ணு. இந்தத் தடவ உங்கப்பாதான் நிறுத்தி வைங்கன்னுட்டாரே" என்றாள்.

தோக்ஜான் அவள் அப்பாவைப் பார்த்தாள். எர்மெக் தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தார்.

"நிறுத்தச் சொன்னீங்களா?"

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"இங்கயே சொல்லுங்கப்பா."

கெனெஸ் குறுக்கிட்டார். "நான்தான் சொல்லச் சொன்னேன். ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்குப் பள்ளிக்கூடத்துக்காரன் உதவித்தொகை தரமாட்டான். ஆம்பளப் புள்ள முதல்ல போகட்டும். இதுல என்ன தப்பு?"

அவள் காதைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். நானும் எழுந்தேன். அந்த வீட்டு வாசலை நான் அப்புறம் மிதிக்கவில்லை.

அவள் அழும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தவர் எர்மெக். "விடும்மா, அதிர்ஷ்டம் இல்ல" என்றவர். விண்ணப்பம் போகவே இல்லை என்று தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறார். அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாளிலிருந்து தோக்ஜான் தானே பள்ளிகளுக்கு ஃபோன் செய்தாள். ரௌஷானைத் தேடிப் போகவில்லை. தேதி முடிந்துவிட்டது என்றார்கள், வெளிநாட்டு இடங்கள் நிரம்பிவிட்டன என்றார்கள், சிலர் பெயரைக்கூடக் கேட்காமல் வைத்தார்கள். ஒவ்வொரு மறுப்புக்கும் அவள் தாடை இறுகியது. அழவில்லை. கடைசியில் இங்கிலாந்தின் வடக்கே கடலோரம் இருந்த ஒரு சிறிய பள்ளியில், வர ஒப்புக்கொண்டிருந்த ஒரு பெண் விலகியிருந்தாள். தேர்வுத்தாள்களை அனுப்பினார்கள். எழுதி அனுப்பினாள். பிறகு நேர்காணல். பெற்றோர் இருவரும் திரைக்கு முன் இருக்க வேண்டும் என்றார்கள்.

எர்மெக் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எனக்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்கு நன்றாகத் தெரியும். திரையில் இருந்த நரைமுடிக்காரி ஏதோ கேட்டாள். தோக்ஜான் நிமிர்ந்து, அவசரப்படாமல் பதில் சொன்னாள். எர்மெக்கின் காதுமடல் சிவந்தது.

"என்ன கேட்டாங்க?"

"ஏன் இவ்வளவு தாமதமா விண்ணப்பிக்கிறேன்னு."

"இவ என்ன சொன்னா?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"வாயத் தொறந்து சொல்லுங்க."

"என் விண்ணப்பத்த எங்கப்பா நிறுத்திட்டாரு, பெரியப்பா மகன் போகணும்னு. எனக்கே இப்பதான் தெரியும்னு சொன்னா."

"பொய்யா?"

"இல்ல."

"அத அந்தம்மாகிட்டயும் சொல்லுங்க."

சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, தன் வாயாலேயே சொன்னார். நரைமுடிக்காரி அவரை வெகுநேரம் பார்த்துவிட்டு, தோக்ஜானிடம் ஒரு கணக்கைக் கேட்டாள்.

இடம் கிடைத்தது. பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். மீதிக்கு எர்மெக் காரை விற்றார். நல்ல காரியம்தான். அதற்காக நான் அவரை மன்னிக்கவில்லை.

செப்டம்பர் வந்ததும் விமான நிலையத்துக்கு டாக்ஸியில் போனோம். வழியில் கெனெஸ் ஃபோன் செய்தார். தோக்ஜான் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"போன வாரம் போன தாமிரு அங்க தனியாத் திண்டாடுறான் தாயி. போனதுமே வச்ச பரீட்சையில கணக்குல ரொம்பப் பின்தங்கிட்டானாம். வாரா வாரம் நீ கொஞ்சம் சொல்லிக்கொடுத்தீன்னா..."

"வாத்தியார் இருப்பாங்க பெரியப்பா. அவங்களக் கேக்கச் சொல்லுங்க."

"குடும்பம்னா விட்டுக்கொடுத்துப் போகணும்மா."

"நான் குடுத்தாச்சு. திரும்பக் கேக்காதீங்க."

துண்டித்துவிட்டாள். எர்மெக் முன் இருக்கையில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். டாக்ஸிக்காரர் வேகத்தைக் கூட்டினார்.