ஓரம் போகும் குதிரை

பவுனு மேல் ரஃபியாவுக்குச் சந்தேகம் வந்தது முதல் நாளே. போடி மலையடிவாரத்தில் ஒன்பது பேரும் குதிரை ஏறுவதற்கு முன்னால், "அக்கா, வனத்துறை அனுமதிக் கடிதத்தக் காட்டுங்க" என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டாள். இருபது வருடமாக இந்த மலையில் காப்பி மூட்டைக் குதிரைகளை ஓட்டுகிறவளுக்கு முகம் சுருங்கிப்போனது. இடுப்பிலிருந்து தாளை உருவி நீட்டினாள்.

அதற்கப்புறம்தான் ஆளுக்கொரு குதிரை ஒதுக்கினாள். இருப்பதிலேயே கிழடான செவலை, அதுவும் இரண்டு பக்கமும் அரிசி மூட்டை தொங்க, ரஃபியாவின் தங்கை லத்திபாவுக்கு வந்தது. மற்ற குதிரைகளின் மேல் ஆள் மட்டும்தான். பழி வாங்குகிறாள் என்று அப்போதே ரஃபியா முடிவு கட்டிவிட்டாள்.

உத்தமபாளையம் இளைஞர் மன்றத்தின் நான்கு நாள் பயணம் இது. பதினைந்து வயது லத்திபாவை மலைக்கு அனுப்ப அத்தா லேசில் சம்மதிக்கவில்லை. "ஒன்னைய நம்பித்தான் அனுப்புறேன்" என்று ரஃபியாவிடம் சொல்லித்தான் விட்டார். அந்தச் சொல் அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் நாள் பாதை ஒடுங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். எல்லாக் குதிரையும் நடுவில் நடக்க, செவலை மட்டும் பள்ளத்து ஓரத்தையே பிடித்துக்கொண்டு போனது. அதன் குளம்பு பட்டுக் கற்கள் உருண்டன.

"அக்கா, அது ஏன் ஓரமாவே போகுது?" என்று ரஃபியா பவுனுவிடம் கேட்டாள்.

"அது அப்பிடித்தான் போகும்."

இவ்வளவுதான் பதில். சாயங்காலம் பவுனு செவலையின் காதோரம் ஏதோ முணுமுணுத்து வெல்லம் கொடுத்தாள். ரஃபியாவுக்கு அதுகூட ஓரமாகப் போனதற்குக் கொடுக்கிற லஞ்சம் மாதிரிதான் பட்டது. கூட வந்த மன்றத்து நவாஸிடம் சொன்னாள். "ஒனக்கு எதப் பாத்தாலும் சந்தேகந்தான்" என்று அவன் சிரித்துவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் காலை, பாதையில் ஒரு மரக்கிளை விழுந்து கிடந்தது. பவுனு அதை இழுத்துப்போட முன்னால் போனாள். இதுதான் சமயமென்று ரஃபியா இறங்கி ஓடி, செவலையின் தலைக்கயிற்றைப் பிடித்துப் பாறைப் பக்கமாக இழுத்தாள். செவலை முரண்டு பிடித்தது. இவள் விடவில்லை.

மூட்டை பாறையில் மோதியது. மோதிய வேகத்தில் குதிரை வெளிப்பக்கம் எகிற, பின்னங்கால் பள்ளத்தில் சரிந்தது. "அக்கா!" என்று லத்திபா அலறினாள். பவுனு எப்படி வந்தாளோ, பாய்ந்து வந்து பிள்ளையின் இடுப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு பாதையில் விழுந்தாள். செவலை முன்னங்காலை மடித்து ஊன்றி, முட்டி கிழிய, தானே மேலேறி நின்றது.

"மூட்ட பாறையில இடிச்சா பள்ளத்துக்குத்தான் போகணும்னு அதுக்குத் தெரியும். அதான் வெலகி வெலகிப் போகுது" என்றாள் பவுனு, மூச்சு வாங்க. "எங்கிட்ட இருக்கிறதுலயே கால் தவறாதது இது ஒன்னுதான். மூட்ட இருந்தாத்தான் நெதானமா நடக்கும். சின்னப்பிள்ளைக்குன்னுதான் இதக் கொடுத்தேன்."

ரஃபியாவுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. "மன்னிச்சிருங்கக்கா" என்றாள். பவுனு காதில் வாங்காமல் குதிரையின் முட்டிக்குத் துண்டைக் கட்டினாள்.

பயணம் மறுபடி நடையாகக் கிளம்பியது. ரஃபியா தங்கையின் கையைப் பிடிக்கப் போனாள். லத்திபா கையை உதறிவிட்டுப் பவுனுவின் அந்தப் பக்கம் மாறிக்கொண்டாள்.

"நீ முன்னால போக்கா. எம் பின்னால வராத."