நாலாய் மடித்த கொடி

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே பிரிண்டிங் கடை வைத்திருக்கும் குமரகுருவிடம், லேமினேஷனா கோட்டிங்கா என்று மட்டும் யாரும் வாயைக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் அரை மணி நேரம் போச்சு. ஹோட்டல் மெனு கார்டு என்றால், "லேமினேஷன்தாங்க. சாம்பார் கொட்டுனாலும் தொடச்சுக்கலாம்" என்பான். கல்யாணப் பத்திரிகைக்கு வார்னிஷ் கோட்டிங் போதும் என்பான். துணி என்றால் குரலே ஏறிவிடும். "துணிக்கு லேமினேஷன் ஃபிலிம் ஒட்டவே கூடாதுங்க. மடிச்சா வெடிச்சு உரியும், மையையும் பிச்சுக்கிட்டு வரும். கோட்டிங்னா நூலோட ஊறிக்கிரும், எப்படி வேணாலும் மடிங்க." இவ்வளவும் தெரிந்த மனுசன்தான் அந்தக் காரியத்தைச் செய்தான். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கதையே வேண்டாம்.

தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்பு, பூண்டியிலிருந்து பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் குழு ஒன்று கடைக்கு வந்தது. பூண்டும் கேரட்டும் போடுகிற சம்சாரிகள். நாற்பத்தெட்டு நாள் விரதம், ஆணும் பெண்ணுமாக எல்லார் கழுத்திலும் மாலை. அவர்களுக்குத் தலைவர் செல்லப்பாண்டி. முருகன் முகம் பெரிதாக அச்சிட்ட துணிக்கொடி வேண்டும், பனியில் நனைந்து கெடக் கூடாது, மறுநாள் வெள்ளனே கிளம்ப வேண்டும் என்றார்.

கோட்டிங் போட இரண்டு நாளாவது காய விட வேண்டும். வெயிலைக் கண்டே மூன்று நாளாகியிருந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வார்த்தை குமரகுருவின் வாயில் வராது. வந்தால் எதிர்க்கடைக்காரன் சிரிப்பானாம். அப்படி ஒரு வீம்பு. அச்சிட்ட துணியை மெஷினுக்குள் விட்டு, பத்தே நிமிடத்தில் ஃபிலிம் ஒட்டிக் கொடுத்தான். கொடி பளபளவென்று இருந்தது.

"மடிக்கலாமா தம்பி?" என்று கேட்டார் செல்லப்பாண்டி. "தங்குற எடத்துல கொடியத் தரையில சாய்க்க மாட்டோம். நாலா மடிச்சு, அன்னைக்கு யாரு மொறையோ அவுக தலையில வச்சுக் கொண்டுபோயி வேலு பக்கத்துல வைப்போம்."

"தாராளமா மடிங்க சாமி" என்றான் குமரகுரு.

பூசத்துக்கு மறுநாள் காலையில் ஒரு பெண் தனியாக வந்து நின்றாள். பேர் பாண்டிச்செல்வி என்றாள். கையில் மஞ்சள் துணியில் சுற்றிய கொடி. மேஜையில் விரித்தாள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் ஃபிலிம் வெடித்து, முருகனின் நெற்றியிலிருந்து தாடை வரை சாயம் உரிந்து வெள்ளைத் துணி தெரிந்தது.

"இத எப்படியாச்சும் ஒட்டித் தரணும்ணே. எல்லாரும் இன்னைக்குச் சாயங்காலம் ஊரு வந்து சேந்துருவாக."

"நீங்க கூடப் போகலியா?"

"போற வழியில சவரிக்காட்டுல தங்குனப்ப எம் மொறை. எந் தலையில இருந்து எறக்குனா சாமி மொகம் ரெண்டாக் கெடக்கு. விரதத்துல குத்தம்னு சொல்லி மாலையக் கழட்டச் சொல்லிட்டாக. கொடியவும் எங் கையிலயே குடுத்து பஸ் ஏத்தி விட்டாக." அவள் அழவில்லை. "நாத்தனா வீட்டுல ஒரு நா குளிக்காமக் காப்பி குடிச்சேன். அதா இருக்கும்ணே. வீட்டுக்காரர் லாரியில அடிபட்டுக் கெடந்தப்ப, அவர் எந்திரிச்சு நின்னா நடந்தே வர்றேன்னு வேண்டுனேன். இப்பத்தான் கம்பு ஊண்டி நிக்கிறாரு. அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு."

அப்போதும் குமரகுருவின் நாக்கு முதலில் தேடியது தப்பிக்கிற வழியைத்தான். "புதுசா அடிச்சுத் தர்றேங்க, காசு வேண்டாம்" என்றான். அவள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடுதான் அவனால் தாங்க முடியாமல் போயிற்று.

"குத்தம் உங்க மேல இல்லம்மா. துணியில ஃபிலிம் ஒட்டுனா மடிச்ச எடத்துல வெடிக்கும். யாரு தலையில வச்சாலும் வெடிச்சிருக்கும்."

அவள் வெடித்த மடிப்பை விரலால் தடவினாள். "அன்னைக்கே தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"அப்ப எங்க ஊருக்கு வந்து சொல்லுங்க" என்றாள்.

சாயங்காலம் பழனியிலிருந்து குழுவை ஏற்றிவந்த வேன் பூண்டிக் கோயில் முன்னால் நின்றதும், அங்கே பாண்டிச்செல்வியோடு காத்திருந்த குமரகுரு எழுந்து போய் எல்லாவற்றையும் சொன்னான். செல்லப்பாண்டி பொறுமையாகக் கேட்டு, அவன் தோளில் கை வைத்தார். "பொம்பளப்புள்ள பேரு கெடக் கூடாதுன்னு பழிய உங்க மேல போட்டுக்கிறீக. இந்த மனசு யாருக்கு வரும் தம்பி?" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி அவனுக்குத் திருநீறு நீட்டினாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"நான் நல்லவன் இல்லங்க!" என்று கத்திவிட்டான். பைக்குள் இருந்து, சாட்சிக்கென்று அதே துணியில் அதே ஃபிலிம் ஒட்டிக் கொண்டுவந்த துண்டுகளை எடுத்து ஆளுக்கொன்றாகத் திணித்தான். "மடிங்க. நீங்களே மடிச்சுப் பிரிச்சுப் பாருங்க."

மடித்தார்கள். செல்லப்பாண்டி கையில் வெடித்தது. திருநீறு கொடுத்தவள் கையில் வெடித்தது. ஒரு துண்டுகூடத் தப்பவில்லை. அப்புறம் ஒவ்வொருவராகப் பாண்டிச்செல்வி நின்ற பக்கம் திரும்பினார்கள். செல்லப்பாண்டி மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஆத்தா, மன்னிச்சுக்க. பெரிய தப்புப் பண்ணிட்டோம்" என்றார்.

குமரகுருவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. அதுவும் ஒரு நிமிடம்தான்.

பாண்டிச்செல்வி அவர்களைப் பார்க்கவில்லை. அவனிடம் வந்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"இவுக நம்பிட்டாக, சரி. பூசம் நேத்தே போயிருச்சேண்ணே. வேண்டுதலுக்கு நான் என்ன சொல்ல?"