மேனேஜரின் இடது காது

மனிதகுலம் கண்டுபிடித்த வேலைகளிலேயே ஆகப் பயனற்றது, கம்பளியை ஊசியால் குத்தி நாய் செய்வது. போகிற போக்கில் சொல்லவில்லை. கல்லூரி விடுமுறை முழுக்க அக்காவுக்கு எதிரே படுத்துக்கொண்டு ஆராய்ந்து எட்டிய முடிவு. மேகத்தைப் பிய்த்ததுபோல ஒரு கைப்பிடிக் கம்பளியை எடுப்பாள். நுனியில் நுண்முள் வைத்த ஊசியால் குத்துவாள். குத்தக் குத்த இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறுகும். இறுக இறுகச் சிறுக்கும். இப்படியே போனால் ஒருநாள் நாய் மறைந்து ஊசி மட்டும்தான் மிஞ்சும் என்று அவளிடமே சொன்னேன்.

"வாய மூடிட்டுப் படுடா. ஈ போயிடப் போகுது," என்றாள், தலை நிமிராமல்.

அவள் செய்துகொண்டிருந்தது மேனேஜரை. எங்கள் நாய். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் மேற்பார்வை பார்த்ததால் அப்பா வைத்த பெயர். மழைக்காலத்தில் செத்துப்போனது.  இப்போதும் அப்பா வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும், காலை ஒதுக்கிக்கொண்டு ஒரு கணம் நிற்பார், அது முதலில் நுழையட்டும் என்பதுபோல. அப்புறம்தான் உள்ளே வருவார்.

முதலில் ஒரு நாய் செய்து கொடுத்தாள். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கும்மா. யாரு வீட்டு நாய்?" என்றார்.

"அடுத்ததையும் அப்பாவுக்கு அடையாளம் தெரியலன்னா நான் இனிமே ஊசியத் தொடமாட்டேன்," என்று சொல்லிவிட்டுத்தான் இந்த இரண்டாவதைத் தொடங்கியிருந்தாள்.

கம்பளி பறக்கும் என்று மின்விசிறிக்குத் தடை. பிற்பகல் வெயிலில் இழைகள் எங்கே இறங்குவது என்று தெரியாமல் மிதந்தன. அறையே ஏதோ ஒரு பெரிய பிராணியின் தூக்கத்துக்குள் இருப்பதுபோல மெல்ல மூச்சுவிட்டது. அக்கா சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். குத்துவதற்கு அடியில் வைக்கும் ஸ்பாஞ்சின் மேல் அந்த நாய், வேலை நேர்காணலுக்கு வந்ததுபோல இரண்டு காதையும் விறைத்துக்கொண்டு நின்றது.

அங்கேதான் தப்பு. அவள் போட்டோக்களைப் பார்த்துச் செய்கிறாள். போட்டோ எடுக்கும்போதெல்லாம் நாங்கள் விசிலடிப்போம். இரண்டு காதும் எழுந்து நிற்கும். யாரும் கூப்பிடாதபோது இடது காது மடிந்து கண்மேல் விழுந்துகிடக்கும். என் கால்மேல் வைத்துத் தூங்கிய காது அது.

அலமாரியிலிருந்து என் கறுப்பு ஸ்வெட்டரை எடுத்தேன். மேனேஜர் போனதிலிருந்து அதைத் துவைக்கவில்லை. சோம்பேறித்தனம் என்று வீட்டில் அறிவித்திருந்தேன். ஒட்டியிருந்த பழுப்பு முடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கொஞ்சம் கம்பளியோடு சேர்த்து, இடது காதின் மேல் வைத்து மடித்தேன். ஊசியை எடுத்தேன்.

"நேரா குத்துடா. சாய்ச்சா உடஞ்சிடும்," என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

வெயில் சுவரேறிப் போயிற்று. வாசலில் சாவி திரும்பியது. கதவு திறந்தது. காலடி ஓசை உடனே வரவில்லை. காது மெல்லச் சரிந்து கண்மேல் விழுந்தது. நான் குத்திக்கொண்டே இருந்தேன்.